கேபினட் சிறுத்தால் காற்று எங்கே போகும்?

கூலரின் அட்டைப்பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வாட் கணக்கை நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். "180 வாட் தாங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அறை எத்தனை டிகிரி, கேபினட் எது, விசிறி எந்த வேகத்தில் சுற்றியது, பிராசசர் எத்தனை டிகிரியில் போய் நின்றது என்ற விவரம் ஒன்றும் அங்கே இருக்காது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் இந்த வாட் கணக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டு, தன் கூலர்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு சொந்தப் புள்ளி முறையை வைத்திருக்கிறது. நேர்மையான முடிவு என்றே சொல்வேன். கூலரின் திறமையில் பெரும்பகுதி கூலரிடம் இல்லை. அதற்குக் காற்று எங்கிருந்து கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. பெரிய கேபினட்டில் இது தெரியாமலே காலம் தள்ளலாம். சிறிய கேபினட்டில் முதல் கோடைக்குள் தெரிந்துவிடும்.

சிறிய கேபினட் என்று நான் சொல்வது 20 லிட்டருக்குக் குறைவானதை. உள்ளே 17 சென்டிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு உட்காரும். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் இந்த அளவைக் கொண்டுவந்தபோது மனதில் வைத்திருந்தது அதிக மின்சாரம் கேட்காத தன்னுடைய சாதுவான பிராசசர்களைத்தான். இன்று அதே சதுரத்தில் 230 வாட் வரை இழுக்கும் ரைசன் 9 7950எக்ஸை மாட்ட முடிகிறது. மாட்ட முடிகிறது என்பதால் மாட்டிவிடுகிறார்கள்.

நிதானமான ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 7 7700 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் ஏஎம்டி அதற்கு அனுமதிக்கும் உச்சம் 88 வாட். கார்டு 200 வாட். இந்த இரண்டையும் சேர்த்தாலே ஏறத்தாழ 300 வாட். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

இப்போது காற்றைக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1000 ஜூல் வேண்டும். 300 வாட்டைச் சுமந்து செல்லும் காற்று, உள்ளே நுழைந்ததைவிட 10 டிகிரி மட்டுமே கூடுதலாகச் சூடாகி வெளியேற வேண்டுமானால், நொடிக்கு 30 கிராம் காற்று கேபினட்டைக் கடந்து போக வேண்டும். கொள்ளளவில் சொன்னால் நொடிக்கு 26 லிட்டர். பத்து லிட்டர் கேபினட்டில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் நொடிக்கு இரண்டரை முறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். நாக்டுவாவின் பெயர்பெற்ற 120 மி.மீ. விசிறியான என்எஃப்-ஏ12எக்ஸ்25, முழு வேகத்தில், எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது தள்ளுவது மணிக்கு 102 கன மீட்டர். நொடிக்கு 28 லிட்டர். ஆக, காகிதத்தில் ஒரே ஒரு விசிறி போதும். தூசி வலை, துளையிட்ட தகடு, கூலரின் தகட்டு இடுக்குகள், கேபிள் கட்டு என்று தடைகள் வரிசையாக வரும்போது அந்த 28 எவ்வளவாகும் என்பதில்தான் வேலை இருக்கிறது. பாதியாகிப்போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வெப்பம் பிராசசரிலிருந்து காற்றுக்கு வருவது வரைக்குமான பயணத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்த இடத்தில் பணம் செலவழிப்பது வீண் என்பது அதில் தெரியும். 7700-க்குள் கணக்குப் போடும் சில்லின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அதன் வழியே 65 – 70 வாட் வெளிவருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டை ஒட்டி. வீட்டில் 1500 வாட் மின் அடுப்பின் 18 சென்டிமீட்டர் தட்டில் அதே சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட்தான். பால் பொங்கும் அடுப்பைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் நெருக்கமான வெப்பம், பொங்காமல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

இந்த நெருக்கத்தைக் கலைப்பதுதான் கூலரின் முதல் வேலை. அதற்கு ஹீட் பைப். ஜெனரல் மோட்டார்ஸின் காக்லர் 1944-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. கண்டுகொள்வாரின்றிக் கிடந்து, 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி மின் உற்பத்தி ஆய்வுக்காகத் தனியே உருவாக்கியபோதுதான் அதற்கு மறுபிறவி. அடைத்த செப்புக் குழாய். உள்ளே காற்றை வெளியேற்றிவிட்டுச் சில துளி நீர். உட்சுவரில் செப்புப் பொடியைச் சூடாக்கி ஒட்டவைத்த நுண்துளைப் படலம். சூடான முனையில் நீர் ஆவியாகிறது, குளிர்ந்த முனையில் தண்ணீராகிறது, நுண்துளைகள் அதை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகின்றன. நிமிடத்துக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகமான நீர் ஆவியானாலே 88 வாட்டும் நகர்ந்துவிடும். திடச் செம்புக் கம்பியால் இதைச் செய்ய முடியாது.

அதற்குப் பிறகுதான் இடறல். மெல்லிய அலுமினியத் தகடுகளிலிருந்து காற்றுக்கு வெப்பம் தாவ வேண்டும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.026 வாட், அலுமினியத்துக்கு 237, செம்புக்கு 400. உலோகத்துக்குள் நடக்கும் எதையும்விட உலோகத்துக்கும் காற்றுக்கும் இடையில் நடப்பதே மெதுவானது. முழுச் செம்பில் செய்த சிறு கூலர்கள் கண்ணுக்கு அழகு, கனமும் உண்டு. தகட்டை அலுமினியத்திலிருந்து செம்புக்கு மாற்றுவதால் கிடைக்கும் லாபம், அதன் மேல் இன்னும் கொஞ்சம் நல்ல காற்றைச் செலுத்துவதால் கிடைக்கும் லாபத்துக்குப் பக்கத்தில் வராது. விலையுயர்ந்த தெர்மல் பேஸ்டுக்கும் இதே தீர்ப்புதான்.

கூலர் எவ்வளவு சூட்டை இறக்கும் என்பதை வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று சொல்வதே சரியான அளவு. ஒரு தட்டைக் கூலர், சில்லிலிருந்து காற்று வரை எல்லாம் சேர்த்து, வாட்டுக்கு அரை டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 88 வாட்டுக்கு 44 டிகிரி ஏறும். எதற்கு மேல் ஏறும்? கூலர் குடிக்கும் காற்றின் வெப்பநிலைக்கு மேல். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில், மேசைமேல் திறந்த நிலையில் சோதித்தால் 66 டிகிரி, எல்லோரும் பாராட்டுவார்கள். மே மாதத்துத் தமிழ்நாட்டில் 34 டிகிரி அறை, கேபினட்டுக்குள் இன்னும் 10 டிகிரி ஏறிய காற்று. 44-உடன் 44 சேர்த்தால் 88. அதே கூலர்தான், அதே பிராசசர்தான். 95-இல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்கு இன்னும் 7 டிகிரிதான் பாக்கி. 66-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்தில் 12 டிகிரி நம் ஊர் வெயில், ஏ.சி. போட்டால் ஒழிய ஒன்றும் செய்வதற்கில்லை. மீதி 10 டிகிரி மட்டும் நம் கையில் இருக்கிறது.

அந்தப் பத்து டிகிரியை எப்படி மீட்பது என்பதற்கு, ஒன்றுக்கொன்று எதிரான குணமுள்ள இரண்டு கேபினட்டுகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது ஃபிராக்டல் டெர்ரா, 2023-இல் வந்தது, 10.4 லிட்டர். மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு மறுபக்கம், நடுவே ஒரு தகட்டுச் சுவர். இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள். அந்த நடுச்சுவரை நகர்த்தலாம்: கூலருக்கு 48 முதல் 77 மி.மீ. வரை, கார்டுக்கு 72 முதல் 43 மி.மீ. வரை. இரண்டும் சேர்த்து எப்போதும் 120. 60 மி.மீ. தடிமனுள்ள கார்டு வாங்கினால் கூலருக்கு மிஞ்சுவது 60. ஆகவே டெர்ராவில் கூலர் தேர்வு கார்டு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. 7700-உடன் இலவசமாக வரும் ரெய்த் பிரிசம் கூலர் 90 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் எந்த நிலையிலும் நுழையாது. மெல்லிய இரண்டு ஸ்லாட் கார்டு என்றால் 67 மி.மீ. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67, அல்லது அந்த 77-ஐச் சரியாக நிரப்பும் நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ்எக்ஸ்77. இரண்டிலும் 120 மி.மீ. விசிறி, ஆறு ஹீட் பைப். தடித்த கார்டு என்றால் 47 மி.மீ. ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47, நான்கு பைப். இன்னும் இறுக்கமான கேபினட்டுகளுக்கு 37 மி.மீ. என்ஹெச்-எல்9ஏ; அதில் இரண்டே பைப், 14 மி.மீ. தடிமனில் ஒரு 92 மி.மீ. விசிறி. 120-இன் பரப்பு 92-இன் பரப்பைப் போல 1.7 மடங்கு. அதே காற்றைத் தள்ளச் சிறிய விசிறி வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். ஒரே விசிறியில் வேகம் இரட்டித்தாலே சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். என்னைக் கேட்டால், தடித்த கார்டைவிட மெல்லிய கார்டும் உயரமான கூலரும் இரவில் நல்ல தூக்கம் தரும்.

இந்தத் தட்டைக் கூலர்கள் பக்கத் தகட்டைப் பார்த்து உட்கார்ந்து, வெளிக் காற்றை இழுத்து மதர்போர்டை நோக்கி ஊதுகின்றன. ஊதிய காற்று பலகையில் மோதி நாலாபுறமும் சிதறுவதால், மின்சாரத்தைச் சீர்செய்யும் விஆர்எம் பகுதிக்கும் மெமரிக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கிறது. இங்கே எல்லோரும் தவறவிடும் ஓர் அளவு இருக்கிறது: விசிறிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

தகடு கண்ணாடியாகவோ துளையில்லாத இரும்பாகவோ இருந்தால், விசிறி தன் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் வழியாகத்தான் காற்றை உறிஞ்ச முடியும். அந்த வளையத்தின் பரப்பு விசிறியின் பரப்புக்குச் சமமாக வேண்டுமானால் இடைவெளி விட்டத்தில் நாலில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எளிய வடிவியல்தான். 92-க்கு 23 மி.மீ., 120-க்கு 30 மி.மீ. பத்து மில்லிமீட்டர் விட்டுவைத்து, அதுவே போதும் என்று நினைத்தால் வாசலில் பாதிக்கு மேல் சாத்தியாகிவிட்டது. இப்படிப்பட்ட கேபினட்டில் நுழையும் மிக உயரமான கூலரை வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. பத்து மில்லிமீட்டர் குறைவானது அதிகம் குளிர்விக்கலாம்.

துளையிட்ட தகடாக இருந்தால் கதை தலைகீழ். விசிறி தகட்டை ஒட்டி இருப்பதே நல்லது. விலகி இருந்தால், தான் ஊதிச் சூடாக்கிய காற்றையே பக்கவாட்டிலிருந்து மறுபடி இழுத்துக் குடிக்கும். ஒட்டி இருக்கும்போது ஒரு ரீங்காரம் வரும். இலை துளைகளுக்கு மிக அருகே வெட்டிப்போவதால் எழும் சத்தம் அது. சில மில்லிமீட்டர் விலக்கினால் அடங்கிவிடும். விலகிய இடைவெளியைச் சுற்றி நுரைப் பட்டையால் ஒரு சுவர் கட்டிவிட்டால் வெளிக்காற்றைத் தவிர வேறெதுவும் உள்ளே வராது. நாக்டுவாவே எல்9 கூலர்களுக்காக அடுக்கடுக்கான நுரை வளையங்களை விற்கிறது. தையற்கடையிலோ மெத்தைக் கடையிலோ கிடைக்கும் அடர்த்தியான நுரையைக் கத்தரித்து ஒட்டினாலும் அதே பலன். இந்தக் கட்டுரையில் வரும் யோசனைகளிலேயே மலிவானது இதுதான்.

விசிறியைத் திருப்பி மாட்டி, உள்ளிருந்து வெளியே ஊதவைப்பவர்களும் உண்டு. அப்போது கூலர் குடிப்பது கேபினட்டுக்குள் ஏற்கெனவே சூடான காற்றை. பிராசசர் சில டிகிரி ஏறும், மற்றவை இறங்கும். கார்டு வலுவாகவும் பிராசசர் சாதுவாகவும் இருந்தால் முயன்று பார்க்கலாம். வீடியோ எடிட்டிங் போன்று பிராசசரை மணிக்கணக்கில் பிழிகிற வேலைக்கு வேண்டாம்.

இரண்டாவது, 2020-இல் வந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200. 18.25 லிட்டர். கறாரான சிறு கேபினட் பிரியர்கள் இதைச் சிறியது என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் துளையிட்ட இரும்புத் தகட்டோடு 155 மி.மீ. வரை கூலர் நிற்கும் என்பதால் ஆட்டமே மாறிவிடுகிறது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டைக் கோபுரக் கூலரின் உயரம் சரியாக 155. ஆறு பைப், முழுத் தடிமன் விசிறிகள், விலையும் மேலே சொன்ன குட்டிக் கூலர்களைவிடப் பெரும்பாலும் குறைவு. மெமரி வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: அலங்காரத் தலைப்பாகை இல்லாத குச்சி 31 – 35 மி.மீ. உயரத்தில் அடங்கும், விளக்கு வைத்தவை 40-ஐத் தாண்டும். மெமரி இடித்தால் விசிறியை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் 155 போதாது.

என்ஆர்200-இன் அடியில் இரண்டு 120 மி.மீ. விசிறிகள், கூரையில் இரண்டு, பின்னால் ஒரு 92 மி.மீ. மாட்டலாம். ஐந்து இடத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று தோன்றும். பொறுக்கவும். அடிப்பக்கம் கிராபிக்ஸ் கார்டின் இடம். மூன்று ஸ்லாட் கார்டு என்றால் அதன் விசிறிகள் தரைத் துளைகளுக்கு நேர் மேலே வந்துவிடும். தாமாகவே வெளிக்காற்றை இழுக்கும். இரண்டு ஸ்லாட் கார்டு என்றால் நடுவே இடைவெளி விழும், அங்கே 15 மி.மீ. மெல்லிய விசிறிகளை உள்ளே ஊதும்படி மாட்டுவது பலன் தரும். கூரை விசிறிகள் வெளியே. கோபுரக் கூலர் பின்பக்கம் நோக்கி ஊதட்டும், பின் விசிறி அதை வாங்கி வெளியே தள்ளட்டும். இதில் ஒரு சிக்கல்: கூரையின் முன்பக்க விசிறி, கூலர் குடிக்க வேண்டிய புதுக் காற்றை அது கூலரை எட்டும் முன்பே பிடுங்கி வெளியே எறிந்துவிடும். அந்த ஒன்றைக் கழற்றியோ வேகம் குறைத்தோ பார்த்தால் பிராசசர் இறங்குவது உண்டு. விசிறி ஒன்று குறைந்து வெப்பமும் குறைவது கேட்க விசித்திரமாக இருக்கும்.

கூரை விசிறி வெளியேதான் ஊத வேண்டும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், சூடான காற்று மேலே போகும் என்பது. போகும்தான். எவ்வளவு பலத்தோடு? 30 சென்டிமீட்டர் உயரக் கேபினட்டில், உள்ளே 15 டிகிரி கூடுதல் சூடு இருந்தால், அந்த மிதப்பு தரும் அழுத்தம் 0.17 பாஸ்கல். மேலே சொன்ன நாக்டுவா விசிறியின் உச்ச அழுத்தம் 23 பாஸ்கல். விசிறியை நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் குறைத்தாலும் 3.7 கிடைக்கும், மிதப்பைப் போல இருபது மடங்கு. விசிறி ஓடும் கேபினட்டில் காற்று விசிறி சொன்ன திசையில்தான் போகும். கூரையிலிருந்து உள்ளே ஊதுவது உங்கள் கூலருக்கு நேராகக் காற்றைத் தருமென்றால் தயங்க வேண்டாம்.

தூசிக்காக, உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது வலை போட்ட வழியே மட்டும் காற்று நுழையும், இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும். அந்த வலையை மாதத்துக்கொருமுறை தட்டாவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

தண்ணீர்க் கூலர் வைக்கலாமே என்பார்கள். தண்ணீர் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது, அவ்வளவே. ரேடியேட்டரில் அதுவும் காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 27 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்து 52 மி.மீ. ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும். கோபுரக் கூலர் நுழையாத கேபினட்டில், 150 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் பிராசசருக்கு அது நியாயம். மற்றபடி பம்பின் சத்தமும் ஆயுளும் கூடுதல் தலைவலி. வைத்தே தீருவதானால் ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் காற்றுக்குமிழி பம்பில் போய் உட்காரும்.

கூலரை மாற்றும் முன் பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. சில்லில் செலவாகும் சக்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப ஏறுவதால், கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் மிக அதிக வாட் செலவாகிறது. 230 வாட் இழுக்கும் 7950எக்ஸை ஏஎம்டியின் ஈகோ மோடில் 142 அல்லது 88 வாட்டுக்குள் கட்டிவைக்கலாம். வேகம் அதே விகிதத்தில் விழுவதில்லை. இன்டெலில் பிஎல்1, பிஎல்2 என்ற எல்லைகள் இதே வேலையைச் செய்யும். 253 வாட் உச்சமுள்ள ஐ9-13900கே-வைப் பத்து லிட்டரில் வைத்துவிட்டு இந்த எல்லைகளைத் தொடாமலிருப்பது பிடிவாதம்.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை. பழக்கமான கனமான வேலை ஒன்றை இருபது நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, விசிறி வேகத்தை அதே அளவில் பூட்டி, மறுபடி ஓட்டுங்கள். எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் கூலர் குற்றவாளி இல்லை. காற்றின் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. தகட்டை மாட்டி, ஒரு ஊதுபத்தியை ஒவ்வொரு துளைப் பகுதிக்கும் வெளியே சற்றுத் தள்ளிப் பிடித்தால், எங்கே உறிஞ்சுகிறது, எங்கே சும்மா சுழல்கிறது, வெளியேறிய புகை எந்த வழியாகத் திரும்ப உள்ளே போகிறது என்பது கண்ணில் படும். நுரைப் பட்டைக்கு வேலை அங்கேதான்.

தகட்டைக் கழற்றியும் ஒரு டிகிரிகூட அசையவில்லை என்றால் விசிறிக் கடைக்குப் போக வேண்டாம். கூலரைக் கழற்றுங்கள். அடித்தகட்டில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரித்தோமா, பேஸ்ட் முழுவதும் படர்ந்திருக்கிறதா, திருகுகள் குறுக்கு மறுக்காகச் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் அந்தக் கூலர் அந்த வாட்டுக்குச் சிறியது. பயாஸில் 88 வாட் எல்லையை 65 ஆக்கி மறுபடி இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வித்தியாசம் வேலையில் தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.